மேற்கு வாசல், வெள்ளிக்கிழமை

அந்தப் போனைக் கொஞ்சம் கவுத்து வைங்களேன். தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க போட்டோ எடுக்கறீங்கன்னு நான் சொல்லல. ஆனா இந்த ஆஸ்பத்திரி வராண்டாவுல யாராச்சும் போனை நிமுத்திப் பிடிச்சா நான் உடனே கவுத்தச் சொல்லிருவேன். ஆங், அப்படி மடியில வச்சுக்கங்க. சந்தோசம்.

யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க? அந்தா தூணுகிட்டத் தொப்பி போட்டுக்கிட்டு நிக்குதே, அந்தப் பொண்ணா? சரி சரி, தம்பிங்கிறீங்க. தம்பிதான். எனக்குத் தெரியாதா? எம் பிள்ளை அதுக்கு நேர் எதிரு. பையன்னு சொல்லித்தான் நர்சு கையில குடுத்தா, இப்ப பொண்ணு. நறுமுகைன்னு அவளே பேரு வச்சுக்கிட்டா. உள்ள டெஸ்டுக்கு ரத்தம் குடுக்கப் போயிருக்கா. நான் வச்ச பேரு என்னன்னு மட்டும் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

தம்பி ஏன் உக்காராம வெளி கேட்டையே பாத்துக்கிட்டு நிக்கிறான்? உங்க டோக்கன் சீட்டைக் காட்டுங்க. அடடா, கடைசியிலல்ல குடுத்திருக்காக. மத்தியானம் ஆயிரும். அதுவரைக்கும் நிக்க மாட்டேன், போயிருவேன்னு சொல்றானா? அதெல்லாம் நிப்பான், பிள்ளைக அப்படித்தான் சொல்லும். ஓ, முந்தி ஒருக்கா வந்து பூட்டிக் கெடந்துச்சா? பின்னே, கிழமை தெரியாம வந்தா பூட்டித்தான கெடக்கும். இங்க நம்ம பிள்ளைகளைப் பாக்கறது செவ்வாக்கிழமை மட்டும்தான். சுத்துப்பட்டுல இதுக்குன்னு வேற எடமும் இல்ல. யாரு சொல்லி வந்தீங்களோ? சொல்றவுகளுக்கு என்ன, வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டுப் போயிருவாக. அலையுறது நாமல்ல. நல்லா விசாரிச்சு வரணும்மா. ஆருக்கும் அறிவு கெடையாது இந்தக் காலத்துல.

எந்த ஊரு? கம்பமா. தூரம்தான். எனக்கு அருப்புக்கோட்டை. பஜார்ல சேலைக்கு ஃபால்ஸ் வைக்கிற கடை. வத்சலான்னா தெரியும். நீங்க விசாரிச்சாலும் விசாரிப்பீங்க, அதான் நானே சொல்லிட்டேன்.

ஒண்ணு கேக்கட்டா? நீங்க ‘ஏழு கட்டு வீடு’ சீரியல் பாப்பீங்களா? பாத்தீங்களா? இப்ப பாக்கறதில்லையா? ஏன் விட்டீங்க, நல்லாத்தான போகுது. சரி, விட்டதோ விடலியோ, நீங்க மாங்கனி பக்கமா, சௌதாமினி பக்கமா? சிரிக்கிறீங்களே ஒழியச் சொல்ல மாட்டேங்கிறீங்க. பரவால்ல. சொல்லாம இருக்கறதும் ஒரு பதில்தான். நான் சௌதாமினி. வில்லிதான், இல்லன்னு சொல்லல. ஆனா அந்த வீட்டுல புத்தியுள்ள பொம்பளை அவ ஒருத்திதான். மாங்கனிக்கு என்ன தெரியும்? எவன் என்ன சொன்னாலும் நம்பிப்புட்டு, வெளக்கைப் பிடிச்சுக்கிட்டு அழும்.

ஃபேஸ்புக்குல ‘ஏழு கட்டு வீடு ரசிகைகள்’னு ஒரு குரூப் இருக்கு. அதுக்கு அட்மின் நான். நம்ப மாட்டீங்க. எங்க வீட்டுக்காரரே நம்பல. ராத்திரி எபிசோடு முடிஞ்ச கையோட நான் விமர்சனம் எழுதிப் போட்டாத்தான் பாதிப் பேரு படுக்கவே போவாக. சௌதாமினி சாவியை ஒளிச்சு வச்சது சரியா தப்பான்னு ஒருக்கா எழுதினேன். துபாய்ல இருந்தெல்லாம் சண்டைக்கு வந்தாக.

அந்தச் சண்டையில எனக்குன்னு ஒரு விரோதி இருந்தா. ‘கண்ணாடி வளையல்’னு பேரு வச்சிருந்தா. உண்மைப் பேரு யாருக்குத் தெரியும்? மாங்கனி பக்கம். நான் ஒண்ணு எழுதினா ஒம்பது எழுதுவா. ‘அக்கா’ங்கவும் மாட்டா, ‘மேடம்’ங்கவும் மாட்டா, ‘சௌதாமினியின் வக்கீல் அவர்களே’ம்பா. ஆனா ஒண்ணு சொல்லணும், அழகாத் திட்டுவா. ‘உங்கள் தாயாரம்மா சௌதாமினி, சாம்பார்ல விஷம் கலக்கும்போதுகூட உப்பு சரியா இருக்கான்னு பாக்குறவங்க’ன்னு எழுதினா பாருங்க, நானே கடையில உக்காந்து சிரிச்சேன். வந்திருந்த ஆளு, என்னக்கா தனியாச் சிரிக்கிறீங்கன்னு கேட்டுப்புட்டா. சிரிச்சேன்தான், ஆனா நம்பல. இம்புட்டு அழகா எழுதுறவ சும்மா வீட்டுல இருக்கிறவளா இருக்க மாட்டா, சீரியல்காரங்க சம்பளம் குடுத்து வச்ச ஆளுன்னு நெனச்சேன். இப்பவும் அப்படித்தான் நெனைக்கிறேன்.

குரூப் நடத்துறது லேசுன்னு நெனைக்காதீங்க. பூரா உளவு. போன வருசம் சௌதாமினியா நடிக்கிற பொண்ணு பொறந்த நாளுக்கு, கோயில்ல அர்ச்சனை பண்ணி அன்னதானம் போடுவோம்னு ரகசியமாப் பேசுனோம். மறுநாளே மாங்கனி குரூப்புல நக்கலா எழுதிட்டாக. உள்ளுக்குள்ள எவளோ சொல்லியிருக்கா. எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதுக்கு எங்ககிட்ட ஒரு வழி இருக்கு. சந்தேகப்படுற ஆளு ஒவ்வொருத்திகிட்டயும் ஒவ்வொரு கோயில் பேரைச் சொல்றது. அம்புட்டும் பொய். எந்தக் கோயில் பேரு வெளிய வருதோ, அதைக் கேட்டவதான் கள்ளி. ஒருத்திக்கு இருக்கன்குடின்னு சொல்லி வச்சேன். மறுநாள் காலையில மாங்கனி குரூப்புல ‘இருக்கன்குடியில் வில்லிக்கு விழாவாம்’னு வந்துச்சு. மாட்டுனா! அன்னையில இருந்து என்னைய எல்லாரும் ‘சிஐடி அக்கா’ம்பாக. எனக்கும் அது பிடிச்சுத்தான் இருந்துச்சு.

உங்க தம்பி கொஞ்சம் தள்ளிப் போயிட்டான் பாருங்க. கேட்டுகிட்ட. இல்ல, நின்னுட்டான். சரி.

அப்புறம்தான் அந்தக் கதை வந்துச்சு சீரியல்ல. மாங்கனியோட கொழுந்தன் மகன், ஸ்கூல் படிக்கிற பிள்ளை, நான் பொண்ணுன்னு சொல்லிரும். நீங்க பாத்தீங்களா அதை? பாத்திருப்பீங்க. வீட்டை விட்டுத் தொரத்துவாக. ஆஸ்பத்திரிக்குப் போகும். அங்க ஒரு டாக்டரைக் காட்டுவாங்களே, கருப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு, பிள்ளை பிடிக்கிறவன் மாதிரி. எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல. பக்கத்துல நறுமுகை உக்காந்து பாத்துக்கிட்டிருந்தா. எந்திரிச்சுப் போயித் தட்டைக் கழுவினா. ஒரே தட்டை ரொம்ப நேரம் கழுவினா.

குரூப்பைத் தொறந்தா விசாலம் டீச்சர்னு ஒரு அம்மா எழுதியிருக்கு. ரிட்டையர்டு ஆன அம்மா. ‘இப்படிப்பட்ட ஆஸ்பத்திரிகளை இழுத்து மூட வேண்டும், பிள்ளைகளைக் கெடுக்கிறார்கள், கூட்டிக்கொண்டு போகிற தாய்மார்களை வீடியோ எடுத்துப் போட வேண்டும், ஊர் பார்க்கட்டும்’னு. அதுக்குக் கீழ வரிசையாக் கைதட்டு. என்னோட அன்னதானத்துக்குக் காசு போட்ட பொம்பளைகதான் எல்லாம்.

அட்மின் நான். அழிச்சிருக்கலாம். அழிக்கல. எழுதினேன். எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம, வழக்கம் போல எபிசோடுலயே ஆரம்பிச்சேன். ‘இன்றைய எபிசோடில் அந்தப் பிள்ளைக்குச் சோறு போட்டது யார்? மாங்கனியா? இல்லை. அடுக்களைக் கதவைத் திறந்து தட்டை நீட்டியது சௌதாமினி’ன்னு எழுதினேன். அது நெசந்தான, வில்லிதான் போட்டா. அப்புறம் கை நிக்கல. சீரியல்காரன் காட்டுற டாக்டரை நம்பாதீங்க, எனக்குத் தெரிஞ்சவுக வீட்டுப் பிள்ளைக்கு நடந்ததைச் சொல்றேன்னு எழுதினேன். அங்க போனதும் எவரும் கத்தியைத் தூக்கல. பேசினாக. மறுக்கா கூப்பிட்டுப் பேசினாக. தூங்குறியா, சாப்பிடுறியா, பள்ளிக்கூடத்துல யாரும் அடிக்கிறாங்களான்னு கேட்டாக. பதினெட்டு முடியாம ஆபரேசன் பேச்சே கெடையாது, அவசரமே இல்லம்மான்னு டாக்டரம்மா மொத நாளே சொல்லிட்டாக. தாயைத் தனியாக் கூப்பிட்டு, நீங்க தூங்குறீங்களாம்மான்னு கேட்டாக. அதுவரைக்கும் அந்தத் தாய்கிட்ட அதை யாரும் கேட்டதில்ல. செத்துப் போறேன், செத்துப் போறேன்னு சொல்லிக்கிட்டிருந்த பிள்ளை இன்னைக்குப் பரீட்சைக்குப் படிக்குது. அந்த எடத்தை மூடணுமா டீச்சர், மூடிட்டு அந்தப் பிள்ளையை உங்க வீட்டுல வச்சுப் பாத்துக்கிறீங்களான்னு கேட்டேன்.

எம் பிள்ளைன்னு ஒரு வார்த்தை எழுதல நான். அங்கதான் என் சாமர்த்தியம். அந்தப் பிள்ளை கண்ணாடியைத் திருப்பி வச்சுட்டுத்தான் தலை சீவும்னு எழுதினேன், ஆஸ்பத்திரி பேரைப் போட்டேன், இந்த வராண்டாவுக்கு முன்னால நிக்கிற வேப்பமரத்தைக் கூட எழுதினேன், ஆனா யாருன்னு ஒருத்திக்கும் தெரியாது. மறுநாள்ல இருந்து கடைக்கு வர்ற பொம்பளைக எல்லாம் ‘பிள்ளை நல்லாருக்கா வத்சலா’ன்னு ஒரு மாதிரியாக் கேக்க ஆரம்பிச்சாக. அது எப்படித் தெரிஞ்சதுன்னு எனக்கு இன்னும் பிடிபடல. பக்கத்துக் கடைக்காரன் மேலதான் எனக்குச் சந்தேகம்.

கேளுங்க, இனிமேத்தான் விசயமே.

ரெண்டு நாள் கழிச்சு இன்பாக்ஸ்ல ஒரு மெசேஜ். யாருங்கிறீங்க? கண்ணாடி வளையல்! ‘அக்கா, நீங்க எழுதினதைப் படிச்சேன். அந்த ஆஸ்பத்திரி எந்தக் கிழமை? எந்த வாசல் வழியா போகணும்? தயவு செஞ்சு சொல்லுங்க.’ அம்புட்டுதான். சௌதாமினியின் வக்கீல் இல்ல. அக்கா. தயவு செஞ்சு.

நீங்களே சொல்லுங்க, ரெண்டு வருசமாக் கடிச்சுக் கொதறுனவ திடீர்னு அக்காங்கிறான்னா என்ன அர்த்தம்? ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான். டீச்சரம்மா வீடியோ எடுத்துப் போடணும்னு சொல்லி ரெண்டு நாள்தான் ஆகுது, இவ கிழமை கேக்குறா. வாசல் கேக்குறா. ஆளு செட் பண்ணிட்டாங்கன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. வந்து ஒளிஞ்சு நின்னு எம் பிள்ளையை எடுத்துப் போடுவாக. அது பாத்துட்டா திரும்பவும் செத்துப் போறேன்னு சொல்ற பழைய நெலைக்குப் போயிரும். அதுக்கப்புறம் நான் யாரைக் கூட்டிட்டு இங்க வர?

வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயின்னாரு. அவருக்கென்ன, குரூப்புல இருந்தாத்தான தெரியும்.

அதனால நம்ம வழியிலயே போனேன். பதில் போட்டேன். ஒரு கிழமை சொன்னேன், ஒரு வாசல் சொன்னேன். ரெண்டும் பொய். என்ன கிழமை, எந்த வாசல்னு எங்க வீட்டுல கூட யார்ட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்டயும் சொல்ல மாட்டேன், கோவிச்சுக்காதீங்க. ஏன்னா அது முத்திரை மாதிரி. என்னையத் தவிர அவ ஒருத்திக்குத்தான் தெரியும். என்னைக்காச்சும் எவ வாயில இருந்தாச்சும் அந்தக் கிழமையும் அந்த வாசலும் சேந்து வந்துச்சுன்னா, அவதான் கண்ணாடி வளையல். கையும் களவுமாப் பிடிச்சிரலாம்.

அந்த நாளு வந்துச்சு. காலையில இருந்து போனும் கையுமா உக்காந்திருந்தேன். எங்கயாச்சும் வீடியோ வருதா, ‘போனோம், பூட்டியிருந்தது’ன்னு எவளாச்சும் எழுதுறாளான்னு. ஒண்ணும் வரல. கண்ணாடி வளையலும் வாயைத் தொறக்கல. மறுநாளும் இல்ல. மாங்கனி வளைகாப்பு எபிசோடு வந்துச்சு, ஊரே எழுதுது, அவ ஒரு வரி எழுதல. கதை கந்தலாகிப் போச்சுன்னு ஓடிட்டா. அப்படித்தான நெனைக்கத் தோணும்? நான் அவளை பிளாக் பண்ணிட்டேன்.

நறுமுகைகிட்டப் பெருமையாச் சொன்னேன், பாத்தியா அம்மா எப்படிக் காப்பாத்திட்டேன்னு. அவ என் மூஞ்சியவே பாத்தா. ‘அம்மா, அவங்க நெசமாவே கேட்டிருந்தா?’ன்னா. நெசமாவா? யாரு நெசமாக் கேக்குறா இந்தக் காலத்துல? நீ சின்னப் பிள்ளை, உனக்குத் தெரியாதுன்னுட்டேன். அவ அதுக்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கல. எடுக்கலங்கிறதும் எனக்கு ஒரு சந்தேகமாத்தான் இருக்கு.

என்னம்மா, ஏன் அப்படிப் பாக்குறீங்க? வேர்க்குதா? தண்ணி குடிங்க, இந்தாங்க.

என்ன?

மறுக்கா சொல்லுங்க.

நான் இப்ப மேற்கு வாசல்னு சொன்னேனா? சொல்லலியே. ஒரு வாசல்னுதான சொன்னேன். இல்ல, நான் வாய் தவறியிருந்தாலும் வெள்ளிக்கிழமைன்னு... அதையும் சொல்லல. நான் சொல்லல. நல்லா ஞாபகம் இருக்கு.

நீங்க எப்படி வெள்ளிக்கிழமைங்கிறீங்க?

இருங்க. கொஞ்சம் இருங்க. மொதல்ல பூட்டியிருந்துச்சுன்னு சொன்னீங்களே, அது மேற்கு வாசலா? அய்யோ, அது பிணவறைப் பக்கம்மா. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான்... வீடியோ எடுக்க வர்றவ அங்க போயி நிக்கட்டும்னுதான் சொன்னேன். நீங்க நின்னீங்களா? அவனும் நின்னானா? வண்டி நின்னுச்சா. சனம் மண்ணுல விழுந்து அழுதுக்கிட்டு இருந்துச்சா.

தம்பி என்ன கேட்டான்?

சொல்லுங்க, நான் கேக்கணும். ‘நம்மள மாதிரி ஆளுகளை இங்கதான் வரச் சொல்லியிருக்காங்களாம்மா’ன்னு கேட்டானா.

அப்புறம் பேசவே இல்லையா? மழைக்காலம் பூராவா? கதவைத் தொறக்காமயா?

நான் உங்களுக்குன்னு செய்யலம்மா. வேணும்னுதான் செஞ்சேன், இல்லங்கல, ஆனா உங்களுக்குன்னு செய்யல. எனக்கு எப்படித் தெரியும்? நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, எனக்கும் இப்படி ஒரு பிள்ளை இருக்குன்னு. நீங்க ஏன் சொல்லல? ஆமா. நானும்தான் சொல்லல. தெரிஞ்சவுக வீட்டுப் பிள்ளைன்னுதான எழுதினேன்.

இம்புட்டு நேரமும் தெரிஞ்சுக்கிட்டேதான உக்காந்திருந்தீங்க? குரூப்பைச் சொன்னப்பவே தெரிஞ்சிருக்கும். சாம்பார், உப்புன்னு நான் சொல்லும்போது சிரிச்சீங்களே, அப்பக்கூட எனக்கு ஒறைக்கல பாருங்க. சிஐடியாம் சிஐடி. திட்டுங்க. ரெண்டு வருசமா எப்படித் திட்டுவீங்க, அம்புட்டு அழகா. ஏதாச்சும் சொல்லுங்கம்மா. எனக்குத் தாங்கல.

தம்பி. தம்பி எங்க போறான்? அந்தா, கேட்டைத் தாண்டுறான். கூப்பிடுங்க. நீங்க கூப்பிட்டா வர மாட்டானா? சத்தம் போட்டா ஓடிருவானா? சரி, நீங்க எந்திரிக்காதீங்க.

பாப்பா! நறுமுகை! இங்க வா. பஞ்சை அப்புறம் அமுக்கிக்கலாம், வா. அந்தா தொப்பி போட்டுக்கிட்டு ஒரு தம்பி போறான்ல, ஓடு. அதட்டாத, கையைப் பிடிச்சு இழுக்காத. நானும் உன்னைய மாதிரிதான்னு சொல்லு. எடம் இதுதான், அன்னைக்குத்தான் தப்பா அனுப்பிட்டாங்கன்னு சொல்லு. நம்ம சீட்டைக் கொண்டு போ, அடுத்தது நம்மதான, அவன் மொதல்ல உள்ள போகட்டும், நாம கடைசியில பாத்துக்கலாம். டாக்டரம்மாகிட்ட நான் கால்ல விழுந்து சொல்லிக்கிறேன்.

என்னது? யாரு என்னன்னு விசாரிக்க வேணாமாவா?

ஒண்ணும் விசாரிக்க வேணாம்டி. ஓடு.